ஏ1286 மேக்புக் ப்ரோ: 2010, 2011, 2012 மதர்போர்டுகளில் எது எதனால் சாகிறது

கேள்வி இதுதான். 15 அங்குல மேக்புக் ப்ரோ ஒன்று கையில் இருக்கிறது. அடிமூடியில் ஏ1286 என்று பொறித்திருக்கிறது. ஆன் செய்தால் திரையில் கோடுகள் விழுகின்றன, பிறகு சாம்பல் நிறத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. "ஏ ரிவிஷன் போர்டில்தான் பிரச்சினை, பி ரிவிஷன் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்கிறார்களே, உண்மையா? இதே உடலில் வந்த 2010, 2012 போர்டுகள் எப்படி?

முதலில் நேரடியான பதில்: பி ரிவிஷன் காப்பாற்றாது. 2011 போர்டில் பழுதாவது போர்டு அல்ல, அதன்மேல் ஒட்டியிருக்கும் கிராஃபிக்ஸ் சிப். ஏ போர்டிலும் பி போர்டிலும் ஒரே குடும்பத்துச் சிப்தான் இருக்கிறது. ஆனால் 2010 போர்டு வேறு நோயால் சாகிறது, அதை முழுமையாகக் குணப்படுத்த முடியும். 2012 போர்டில் இந்த இரண்டு நோயும் இல்லை. எனவே பணம் செலவழிப்பதற்கு முன் கையில் இருப்பது எந்தப் போர்டு என்று உறுதிசெய்துகொள்வதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

ஏ1286 என்பது உடலின் எண் மட்டுமே. 2008 இறுதியிலிருந்து 2012 நடுப்பகுதி வரை வந்த, ரெட்டினா திரை இல்லாத 15 அங்குல அலுமினிய உடல் அனைத்துக்கும் அதே எண்தான். பிரித்தறிய, அதன் பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும் இஎம்சி எண்ணைப் பாருங்கள். 2353 என்றால் 2010. 2353-1 என்றால் 2011 தொடக்கம். 2563 என்றால் 2011 இறுதி. 2556 என்றால் 2012. சிஸ்டம் ரிப்போர்ட்டில் தெரியும் மாடல் அடையாளம் இதில் பாதிதான் உதவும்: 2010க்கு 6,2 என்றும் 2012க்கு 9,1 என்றும் காட்டும், ஆனால் 2011 தொடக்கம், 2011 இறுதி இரண்டுக்கும் 8,2 என்றே காட்டும்.

அடிமூடி மாறியிருக்கலாம், உடலும் மாறியிருக்கலாம். சந்தேகமாக இருந்தால் போர்டையே பார்ப்பதுதான் சரி. அடிமூடியில் 10 ஸ்க்ரூ. அவற்றில் 3 நீளமானவை, 7 குட்டையானவை. நீளமானது எந்தத் துளையிலிருந்து வந்தது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். போர்டில் வெள்ளை எழுத்தில் 820 என்று தொடங்கும் எண் இருக்கும். 2010 என்றால் 820-2850. 2011 என்றால் 820-2915. 2012 என்றால் 820-3330.

இந்த எண்களைப் பற்றி ஒரு விளக்கம் தேவை, ஏனென்றால் குழப்பமே இங்கேதான் தொடங்குகிறது. 820 என்பது வெறும் போர்டின் எண், அதாவது செம்புத் தடங்கள் மட்டும் உள்ள பலகையின் எண். பாகங்கள் பொருத்திய போர்டுக்கு 639 என்று தொடங்கும் எண். சர்வீஸுக்கு உதிரிபாகமாக வரும்போது 661 என்று தொடங்கும் எண். 820-2915-ஏ, 820-2915-பி என்பதில் கடைசி எழுத்து சொல்வது தடங்களின் வடிவமைப்பு எத்தனையாவது திருத்தம் என்பதை மட்டும்தான். எந்த வேகத்து ப்ராசசர், எந்த கிராஃபிக்ஸ் சிப் என்பதை அந்த எழுத்து சொல்லாது. அதற்கு 661 எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். போர்டு வாங்கும்போது 820 எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால், எதிர்பார்த்ததைவிடக் குறைந்த ப்ராசசர் வந்து சேரலாம். எல்லாமே ப்ராசசர் நேரடியாகச் சால்டர் செய்யப்பட்ட போர்டுகள். பிறகு மாற்ற முடியாது.

இனி ஒவ்வொன்றாக.

2010 போர்டு, அதாவது 820-2850. இதில் இன்டெல்லின் முதல் தலைமுறை ஐ5, ஐ7 இரட்டை கோர் ப்ராசசர்கள், 35 வாட். கிராஃபிக்ஸ் என்விடியா ஜிடி 330எம். சாதாரண வேலைக்கு இன்டெல்லின் உள் கிராஃபிக்ஸ் ஓடும். கனமான வேலை வந்தால் தானாகவே என்விடியாவுக்கு மாறும். மாறும் அந்த நொடியில்தான் இந்தப் போர்டு விழுகிறது. திரை கறுத்துவிடும், அல்லது பல மொழிகளில் "ரீஸ்டார்ட் செய்யுங்கள்" என்ற செய்தி வரும். மறுபடி ஆன் செய்து பேனிக் லாக்கை, அதாவது சிஸ்டம் விழுந்த காரணம் பதிவான கோப்பைப் படித்தால் "ஜிபியு பேனிக்" என்றும், "என்விஆர்எம்", "ரீட் எரர்" என்றும் இருக்கும்.

இதைப் பார்த்ததும் பலர் என்விடியா சிப் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் சிப் நன்றாகவே இருக்கும். குற்றவாளி சி9560 என்ற ஒற்றைக் கெப்பாசிட்டர். கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போகும் மின்பாதையில் இருக்கும் 330 மைக்ரோஃபாரட், 2 வோல்ட் பாலிமர் டான்டலம் கெப்பாசிட்டர் அது. சிப் தூங்கும் நிலையிலிருந்து திடீரென்று முழு வேகத்துக்கு வரும்போது, ரெகுலேட்டர் ஈடுகொடுப்பதற்குள் தேவைப்படும் மின்னோட்டத்தை இந்தக் கெப்பாசிட்டர்தான் கொடுக்க வேண்டும். வெப்பத்தில் கிடந்து முதிர்ந்தால் அதன் உள்மின்தடை ஏறிவிடுகிறது. சிப் கேட்கும் கணத்தில் மின்னழுத்தம் ஒரு குழி விழுகிறது. சிப் பதில் சொல்லாமல் போகிறது. சிஸ்டம் பேனிக் ஆகிறது. நிலையான சுமையில் மணிக்கணக்கில் ஓடிய லேப்டாப், கிராஃபிக்ஸ் மாறும்போது மட்டும் விழுவதன் காரணம் இதுதான்.

மல்டிமீட்டரை வைத்து இதைப் பிடிக்க முடியாது. ஷார்ட் இருக்காது, மின்னழுத்தமும் சரியாகவே காட்டும், ஏனென்றால் குழி விழுவது மிகக் குறுகிய நேரத்துக்கு. ஆகவே நடத்தையை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஜிஎஃப்எக்ஸ்கார்ட்ஸ்டேட்டஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, இன்டெல் கிராஃபிக்ஸில் மட்டும் இயங்கும்படி வைத்து இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். ஒருமுறைகூட விழாமல், மறுபடி தானியங்கி மாற்றத்தை அனுமதித்தவுடன் விழ ஆரம்பித்தால் சி9560ஐ மாற்றலாம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை. போர்டை முழுவதுமாக வெளியே எடுத்துவிடுங்கள். கெப்பாசிட்டர் அகலமான செம்புப் பரப்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது. சால்டரிங் அயர்ன் சூட்டையெல்லாம் அந்தச் செம்பு உறிஞ்சிக்கொள்ளும். கீழிருந்து போர்டை முன்கூட்டிச் சூடாக்கி, தாராளமாக ஃப்ளக்ஸ் வைத்து, ஹாட் ஏர் காட்டினால் ஒரு நிமிடத்துக்குள் விட்டுவிடும். நெம்பாதீர்கள், நெம்பினால் பாகம் ஒட்டியிருக்கும் செம்புத் தளம் (பேட்) கையோடு வந்துவிடும். சுற்றியுள்ள சின்னப் பாகங்கள் பறக்காமல் இருக்க வெப்பம் தாங்கும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். புதியது 330 மைக்ரோஃபாரட், 2 அல்லது 2.5 வோல்ட், பாலிமர் டான்டலம், உள்மின்தடை 10 மில்லிஓமுக்குள் இருக்க வேண்டும். இந்தக் கடைசி அளவுதான் உயிர்நாடி. அதே 330 மைக்ரோஃபாரட் என்று சாதாரண டான்டலம் ஒன்றைப் போட்டால், அதன் உள்மின்தடை பல மடங்கு அதிகம். பழைய பிரச்சினை அன்றைக்கே திரும்பி வரும். டான்டலத்தில் கோடு இருக்கும் பக்கம் நேர்முனை. சாதாரண எலெக்ட்ரோலிட்டிக்கில் கோடு எதிர்முனையைக் குறிக்கும் பழக்கத்தில் திருப்பி வைத்துவிட்டால் பாகம் எரிந்தே போகும்.

இவ்வளவு எளிதான பழுதுக்காக நல்ல போர்டுகள் குப்பைக்குப் போவது மனதுக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்து 2011, 820-2915. கேள்வியில் இருக்கும் லேப்டாப் இதுதான் என்பது கோடுகளிலிருந்தே தெரிகிறது. முந்தைய ஆண்டின் உடலையே வைத்துக்கொண்டு, உள்ளே 45 வாட் நான்கு கோர் ஐ7 ப்ராசசரையும் ஏஎம்டி ரேடியான் சிப்பையும் வைத்தார்கள். தொடக்க மாடலில் எச்டி 6490எம் அல்லது 6750எம்; இறுதி மாடலில் 6750எம் அல்லது 6770எம். இரண்டு சிப்புக்கும் ஒரே ஹீட்சிங்க், இரண்டு ஃபேன். சூடு அதிகம். ஆனால் சூடு மட்டுமே காரணம் என்று நினைத்து, சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் பூசும் பேஸ்ட்டை மாற்றினால் போதும் என்று எண்ணக் கூடாது.

சிப்பின் உட்கட்டமைப்பைப் பாருங்கள். மேலே பளபளப்பாகத் தெரியும் சிலிக்கான் துண்டு, பச்சை நிற அடிப்பலகையின்மேல் மிக நுண்ணிய சால்டர் புள்ளிகளால் உட்கார்ந்திருக்கிறது. அந்த அடிப்பலகை, அதைவிடப் பெரிய சால்டர் பந்துகளால் மதர்போர்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. பழுது மேலடுக்கில், சிலிக்கானுக்கும் அடிப்பலகைக்கும் நடுவில். ஆன் ஆகும்போது சூடு, அணைத்தால் குளிர்ச்சி என்று ஆயிரக்கணக்கான முறை விரிந்து சுருங்கியதில் அந்த நுண்புள்ளிகளில் தொடர்பு அறுந்துவிடுகிறது.

இதனால்தான் சிப்பைத் தூக்கிப் பந்துகளை மாற்றி மறுபடி ஒட்டும் ரீபாலிங் வேலை பலன் தருவதில்லை. பந்துகளில் குறையே இல்லை. "ஹாட் ஏர் காட்டினேன், ஓடுகிறதே" என்பவர்களுக்கு ஒரு விளக்கம்: ஈயம் கலக்காத சால்டர் உருக 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்கு வெகு கீழே, 120–150 டிகிரியிலேயே செத்த சிப் சில சமயம் விழித்துக்கொள்கிறது. அந்தச் சூட்டில் பந்து எதுவும் உருகியிருக்க முடியாது. உள்ளே அறுந்த புள்ளி விரிவடைந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். சில நாளோ சில வாரமோ ஓடி மறுபடி விழும். அடுப்பில் வைத்துச் சுடுவது இன்னும் மோசம். பிளாஸ்டிக் கனெக்டர்களும் கெப்பாசிட்டர்களும் சேர்ந்து கெடும். இந்த வேலைக்கு யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இந்தக் குறையை ஆப்பிளே ஏற்றுக்கொண்டது. 2015 பிப்ரவரியில் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் ஒன்றை அறிவித்து, 2011 தொடக்கம், 2011 இறுதி இரண்டையும் 15 அங்குலத்திலும் 17 அங்குலத்திலும் சேர்த்தது. திட்டம் 2016 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டு முடிந்தது. ஏ, பி என்று பிரிக்காமல் இரண்டு அரையாண்டு மாடலையும் சேர்த்ததே, பி ரிவிஷன் தீர்வல்ல என்பதற்குப் போதுமான சான்று. அந்தத் திட்டத்தில் மாற்றிக்கொடுத்த போர்டிலும் அதே குடும்பத்துச் சிப்தான். அவற்றிலும் மறுபடி விழுந்தவை உண்டு.

உறுதி செய்வது எப்படி? ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு சேஃப் மோடில் ஆன் செய்யுங்கள். ஏஎம்டி டிரைவர் ஏறாததால், சாதாரணமாகச் சாம்பல் திரையில் நிற்கும் லேப்டாப் இதில் உள்ளே போய்விடும். வெளி மானிட்டரை இணைத்துப் பாருங்கள். அதிலும் அதே கோடுகள் வந்தால் திரையோ திரை கேபிளோ காரணமல்ல. ஆன் செய்யும்போது மூன்று பீப், சற்று இடைவெளி, மறுபடி மூன்று பீப் என்று வந்தால் அது ரேம் கோளாறு. கிராஃபிக்ஸைக் குறை சொல்ல வேண்டாம். ஐந்து நொடிக்கு ஒருமுறை ஒற்றை பீப் என்றால் ரேம் சரியாக உட்காரவில்லை. கோப்புகளை எடுக்க வேண்டுமென்றால் பதற வேண்டியதில்லை: டிஸ்க் சாதாரண 2.5 அங்குல சாட்டா. கழற்றி வேறு கணினியில் போட்டுவிடலாம்.

தீர்வு மூன்று வழிகளில் இருக்கிறது.

முதல் வழி, மென்பொருளால் ஏஎம்டி சிப்பை ஒதுக்கிவிடுவது. என்விராமில், அதாவது அணைத்தாலும் அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் சிறு நினைவகத்தில், கிராஃபிக்ஸ் தேர்வுக்கான மாறியை எழுதி, இன்டெல் எச்டி 3000இலேயே ஆன் ஆகும்படி செய்யலாம். பிறகு சிஸ்டத்தின் எக்ஸ்டென்ஷன்ஸ் கோப்புறையிலிருந்து ஏஎம்டி ரேடியான் எக்ஸ்3000 என்ற டிரைவரை வேறிடத்துக்கு நகர்த்த வேண்டும். எல் கேப்பிடானிலும் அதற்குப் பிந்தைய மேக் சிஸ்டங்களிலும் அதற்கு முன் சிஸ்டம் பாதுகாப்பை ரிகவரியிலிருந்து அணைக்க வேண்டும். போர்டைத் தொடவே தேவையில்லை என்பது இதன் நன்மை. குறைகளும் உண்டு. என்விராமை யாராவது ரீசெட் செய்தால் எழுதியது அழிந்து சாம்பல் திரை திரும்பும். சிஸ்டம் அப்டேட் போட்டால் டிரைவர் மறுபடி வந்து உட்கார்ந்துவிடும். டிரைவர் இல்லாத ஏஎம்டி சிப்புக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், தன்னைத்தானே அடக்கிக்கொள்ளத் தெரியாமல் சும்மா சூடாகும். இந்தக் காரணத்துக்காகவே, ஆன் ஆகி முடிந்தபின் டிரைவரைத் தனியாக ஏற்றும்படி வைப்பார்கள்.

இரண்டாவது வழி, ஆர்8911 என்ற ரெசிஸ்டரை எடுத்து ஏஎம்டி சிப்பின் முதன்மை மின்வழங்கியையே நிறுத்துவது. சூடு குறையும், பேட்டரி கூடுதல் நேரம் வரும். ஆனால் இதை மட்டும் செய்தால் என்விராம் ஏற்பாடு இன்னும் தேவைப்படும். தூங்கி எழும்போது திரை வெளிச்சம் சரியாகத் திரும்பாத தொல்லையும் வரலாம். இதை முழுமையாக முடிக்க, இரண்டு கிராஃபிக்ஸையும் மாற்றிவிடும் ஜிமக்ஸ் என்ற சிப்பை மறுபடி எழுத வேண்டும். அது லேட்டிஸ் நிறுவனத்தின் எக்ஸ்பி2 வகை. சிப்பில் நிரல் எழுதப் பயன்படும் ஜேடேக் இணைப்புக்கு மெல்லிய ஒயர்களைச் சால்டர் செய்து புது நிரலை ஏற்றினால், லேப்டாப் எப்போதும் இன்டெல்லில் மட்டுமே ஆன் ஆகும். ரீசெட், அப்டேட் எதுவும் அதை அசைக்காது. அன்றாட எழுத்து, இணையம், படம் பார்ப்பது போதும் என்பவருக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

எந்த முறையில் ஒதுக்கினாலும் ஒரு இழப்பு நிச்சயம்: தண்டர்போல்ட் வாயிலிருந்து வெளி மானிட்டர் வராது. அந்த வாயின் திரை சமிக்ஞை ஏஎம்டி சிப்பிலிருந்து மட்டுமே வருகிறது.

மூன்றாவது வழி, உண்மையிலேயே புதிய சிப்பை மாற்றுவது. சரியான ரீவொர்க் ஸ்டேஷனும் கைப்பழக்கமும் உள்ளவர் மட்டும் செய்ய வேண்டிய வேலை. சிப்பின்மேல் தேதிக் குறியீடு நான்கு இலக்கத்தில் இருக்கும், முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். புதியது என்று விற்கப்படுபவற்றில் பழைய போர்டிலிருந்து பிடுங்கிப் பந்து மாற்றியவை ஏராளம். சிலிக்கானைச் சுற்றியுள்ள சின்னக் கெப்பாசிட்டர்களுக்கு இடையில் ஃப்ளக்ஸ் கறையோ, மூலைகளில் கீறலோ இருந்தால் வாங்காதீர்கள். புதிய சிப்பும் அதே வடிவமைப்புதான் என்பதால் ஹீட்சிங்க் பேஸ்டைக் கவனமாகப் போட வேண்டும்: பழையதை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் முழுவதும் துடைத்து, மெல்லிய படலமாக. ஆலையில் அள்ளிப் பூசிய பேஸ்டே பல போர்டுகளில் சூட்டை அடைத்துக்கொண்டிருக்கும். இந்த உடலில் பேஸ்ட் மாற்ற போர்டை வெளியே எடுத்தே தீர வேண்டும். அடிமூடியை மட்டும் திறந்து முடியாது.

2011 தொடக்கப் போர்டும் இறுதிப் போர்டும் ஒன்றின் உடலில் மற்றொன்று பொருந்தும். 2010, 2011 இடையே அப்படி முயல வேண்டாம், பேட்டரியே வேறு. 2010க்கு ஏ1321, 2011க்கும் 2012க்கும் ஏ1382.

2012 போர்டு, 820-3330. மூன்றாம் தலைமுறை நான்கு கோர் ஐ7, 28 நானோமீட்டர் என்விடியா ஜிடி 650எம், யுஎஸ்பி 3, ரேம் வேகம் 1600. இந்த உடலில் வந்தவற்றில் தயங்காமல் பரிந்துரைக்கக்கூடியது இது ஒன்றுதான். 2015 திட்டத்தில் இந்த மாடல் இடம்பெறவில்லை. அதே ஆண்டின் ரெட்டினா 15 அங்குலம், அதே பெயர் கொண்ட 650எம் சிப்போடு, இடம்பெற்றது. ஆகவே சிப்பின் பெயரை மட்டும் வைத்து எந்தப் போர்டையும் எடைபோட முடியாது. இன்னொரு நடைமுறைப் பயன்: மேக் சிஸ்டத்தின் பதிப்புகளில் 2012க்கு கேட்டலினா வரை ஆப்பிளின் நேரடி ஆதரவு இருந்தது, 2010, 2011 இரண்டும் ஹை சியராவோடு நின்றுவிட்டன. இன்டெல் எச்டி 4000, ஆப்பிளின் புதிய கிராஃபிக்ஸ் முறையான மெட்டலை ஏற்கும், எச்டி 3000 ஏற்காது என்பதுதான் இந்தப் பிளவுக்கு அடிப்படை.

எல்லாப் போர்டுக்கும் பொதுவான சில கோளாறுகளை மதர்போர்டு பழுது என்று தவறாக நினைப்பது வழக்கம். டிஸ்க் கேபிள் அலுமினிய உடலில் உரசித் தேய்ந்தால் லேப்டாப் மெதுவாகும், அல்லது கேள்விக்குறியுள்ள கோப்புறை தெரியும். டிஸ்க் தன் நிலையைப் பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையில் சிஆர்சி (தரவுப் பரிமாற்றப்) பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கேபிளை மாற்றுங்கள். டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். திரையில் படம் மங்கலாகத் தெரிந்து வெளிச்சம் மட்டும் இல்லையென்றால் பின்னொளி ஃபியூஸ் எஃப்9700ஐ அளந்து பாருங்கள். தண்ணீர் பட்ட போர்டில் அடிக்கடி போவது அது, ஆனால் ஃபியூஸ் ஏன் போனது என்று கனெக்டர் பக்கம் துரு தேடாமல் புதிதைப் போட்டால் அதுவும் போகும். சார்ஜர் விளக்கே எரியவில்லை என்றால் முதலில் 3.42 வோல்ட் லைன் இருக்கிறதா, பிறகு பிரதான லைனில் 12.6 வோல்ட் அளவுக்கு வருகிறதா என்று அந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும்.

பழையதாக வாங்கப் போகிறவர் கடைசியாக மூன்று சோதனைகளைச் செய்யாமல் பணம் கொடுக்க வேண்டாம். சிஸ்டம் ரிப்போர்ட்டில் கிராஃபிக்ஸ் பகுதியைத் திறந்தால் இரண்டு சிப்பும் தெரிய வேண்டும். இன்டெல் மட்டும் தெரிந்தால் மற்றதை ஏற்கெனவே ஒதுக்கிவிட்டார்கள். எனர்ஜி சேவர் அமைப்பில் தானியங்கி கிராஃபிக்ஸ் மாற்றம் என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். வெளி மானிட்டரை இணைத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள், ஏனென்றால் இணைத்தவுடன் தனி கிராஃபிக்ஸ் சிப் வேலைக்கு வந்தே ஆக வேண்டும். இந்த மூன்றையும் பேட்டரி பொருத்திய நிலையில் செய்யுங்கள்: பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓடினால் இந்த லேப்டாப்கள் ப்ராசசர் வேகத்தைப் பெரிதாகக் குறைத்துக்கொள்ளும், மெதுவாக ஓடுவது பழுதினாலா பேட்டரி இல்லாததாலா என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும்.